ஃபிரிட்ஜ் கதவு தொங்கினால் முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்றால் எல்லோரும் சந்தேகப்படுவது கதவைச் சுற்றியிருக்கிற ரப்பரைத்தான். காசு கொடுத்துப் புது ரப்பர் போட்ட பிறகும் மேல் மூலையில் இடைவெளி அப்படியே இருக்கும். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் பார்த்தவரை பல வீடுகளில் ரப்பர் நன்றாகவே இருக்கிறது. தேய்ந்திருப்பது கதவின் அடியில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் புஷ், அதாவது கீழ்க் கீலின் இரும்புப் பின் நுழைந்து சுழல்கிற குழல்.

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தை மெல்ல மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் போய்விட்டது. கீழ்க் கீலுக்கு நேராகத் தரையில் பிளாஸ்டிக் தூள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். கதவு ஆடவில்லை, ஆனால் இடுக்கில் வைத்து மூடிய காகிதம் வழுக்கிக்கொண்டு வருகிறது என்றால் அப்போது ரப்பரைப் பார்க்கலாம்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்று எங்கள் கடலோர வீடுகளில் உப்புக் காற்று கீழ்க் கீலின் போல்ட்டைத் துருவேற்றி இறுக்கிவிடும். 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற வீடுகளில் கேட்கவே வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின இரவே அடித்து ஊறவிடுங்கள். போல்ட் அசையவில்லை என்று நெருப்புக் காட்டவே கூடாது. இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டும் வாயுவாக இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது எரியும் வாயு. சுவருக்குள் இருக்கிற ஃபோமும் தீப்பிடிக்கும்.

வேலைக்கு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், பென்சில், கூட ஒரு ஆள் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவுத் தட்டுகளைக் காலி செய்யுங்கள். மூன்று 2 லிட்டர் பாட்டில் நின்றால் 6 கிலோ, புஷ்ஷைத் தின்பது அந்தப் பாரம்தான். கதவை மூடி டேப் ஒட்டுங்கள். மேல் கீலின் மூடியைக் கழற்றியதும், கீல் இப்போது இருக்கிற இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். போல்ட் துளைகளில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், கோடு இல்லாவிட்டால் திரும்பப் பொருத்தும்போது கதவு கோணிக்கொள்ளும். டிஸ்பிளே உள்ள மாடலில் அங்கே ஒயர் வரும், அதன் கனெக்டரைக் கழற்றிய பிறகே கீலை எடுக்க வேண்டும். இரட்டைக் கதவு என்றால் மேல் கதவு, நடுக் கீல், அப்புறம் கீழ்க் கதவு.

கதவை நேராக மேலே தூக்கி எடுங்கள். பின்னில் வாஷர் இருந்தால் அதன் வரிசையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இனிதான் முக்கியம். கீலில் நிற்கிற இரும்புப் பின்னை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமோ துருச் சொரசொரப்போ தட்டுப்பட்டால் கீலையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். சொரசொரப்பான பின் புதுப் புஷ்ஷை அரம் மாதிரி அராவிவிடும். புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடியும் தேய்ந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் பின்னைப் பார்க்காதவர்கள்.

பழைய புஷ்ஷையும், ஃபிரிட்ஜின் உள்சுவர் ஸ்டிக்கரில் இருக்கிற மாடல் எண்ணையும் ஸ்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். கதவு தானாக மூடிக்கொள்ளச் சில புஷ்களில் சரிவான மேடு இருக்கும். அதில் இடது வலது வேறு, பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

புதுசைப் பொருத்தி, பின்னில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசின் ஆகிவிடும். கதவை உட்கார வைத்து, மேல் போல்ட்டுகளை முதலில் லூசாகப் பூட்டி, கோட்டுக்கு நேராக வைத்து, மூடிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். கடைசியாக முன்கால்களைச் சற்றே உயர்த்துங்கள். பாதி திறந்து விட்ட கதவு தானாக வந்து ஒட்டினால் வேலை முடிந்தது.