போர்ட் திறக்க முன் வான் ஐபியைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து ஹட்டன் வீட்டுக் கணினியைத் திறக்க, ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை அந்தக் கணினிக்கு அனுப்பும் செட்டிங்) செய்ய முன் அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை (WAN IP, இணையக் கம்பனி ரவுட்டருக்குத் தரும் முகவரி) பாருங்கள். "10." என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்ணிலோ தொடங்கினால் அந்த வேலையை விட்டுவிடலாம். அது கம்பனிக்குள் மட்டும் செல்லும் எண். வெளியே பல வீடுகளுக்கு ஒரே முகவரி. அதனால் உங்கள் அழைப்பு ரவுட்டர் வரை வரவே வராது. தோட்டப்பக்கம் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதே கதைதான்.

அப்படியானால் தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போடுங்கள், இலவசம். வீட்டுக் கணினியே வெளியே போய் இணைப்பைப் பிடிப்பதால் போர்ட் தேவையில்லை. கணினி ஸ்லீப்புக்குப் போனாலோ மழைக்குக் கரண்ட் போனாலோ இதுவும் உதவாது. வான் ஐபி பொது எண்ணாக இருந்தால் போர்ட் வழி சரி. ஆனால் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் போர்ட்டான 3389ஐ மட்டும் அப்படியே திறந்து வைக்காதீர்கள்.