ஓம் சரி, வாட் எங்கே?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது தடை. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது திறன்; ரெசிஸ்டரில் அது அப்படியே சூடாகும். இதை மாற்றிப் போடுகிறவர்கள், மில்லி ஆம்பியரை ஆயிரத்தால் வகுக்க மறக்கிறவர்கள் எல்லாம் விடையைப் பார்த்ததும் தாங்களே திருத்திக்கொள்வார்கள். கணக்கு சரியாக இருந்தும் மேசையில் புகை வருகிறதே, அதுதான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பப் பார்க்கிற கூத்து.

ஓம் மட்டும் சொல்லி ரெசிஸ்டர் (மின்தடை) வாங்குவது

12 வோல்ட் பேட்டரிக்கு 1.2 ஆம்பியர் இழுக்கும் லோடு (சுமை) கொடுத்துப் பார்க்க வேண்டும். வகுத்தால் 10 ஓம். கடையில் "10 ஓம் ஒண்ணு" என்று கேட்டால் கால் வாட் ரெசிஸ்டர்தான் கைக்கு வரும். இணைத்த சில நொடிகளில் வண்ண வளையங்கள் கருகிவிடும். அடுத்த முறை உஷாராகி, வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர், 10 வாட், வாங்கி வருவார்கள். அதுவும் போதாது: 12 × 1.2 = 14.4 வாட். இந்த ஒரு பெருக்கலைப் போட என்ன சோம்பலோ!

இதோடும் முடியவில்லை. சார்ஜ் ஏறும்போது அதே பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். வோல்ட் 20 சதவீதம்தானே கூடியது, வாட்டும் அவ்வளவுதான் கூடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓம் மாறாதபோது வோல்ட்டோடு ஆம்பியரும் ஏறும். 14.4 × 1.44 = 20.7 வாட், அதாவது 44 சதவீதம் கூடுதல்.

ரெசிஸ்டர்மேல் அச்சிட்டிருக்கும் வாட் அதன் உச்ச வரம்பு. அந்த அளவில் ஓடினால் தொட்ட விரல் வெந்துவிடும், கீழே இருக்கும் பிளாஸ்டிக் இளகும். பாதி அளவோடு நிறுத்துவதே நல்லது. அப்படியானால் இங்கே ஏறத்தாழ 40 வாட்டாவது வேண்டும். அலுமினிய உறை போட்ட 50 வாட் ரெசிஸ்டரை ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தட்டில்) திருகி முடுக்கினால்தான் அது 50 வாட். சும்மா தொங்கவிட்டால் பாதிகூடத் தாங்காது.

மலிவான வழி ஒன்று உண்டு. 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் நான்கு வாங்குங்கள். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேருங்கள். மொத்தம் அதே 10 ஓம்தான். 14.4 வோல்ட்டிலும் ஒவ்வொன்றுக்கும் 7.2 வோல்ட், 0.72 ஆம்பியர், ஏறத்தாழ 5.2 வாட்தான் வரும். ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள்.

எல்.இ.டி. கணக்கில் முழு வோல்ட்டையும் போடுவது

12 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு மிச்சம் 10 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 500 ஓம். கடையில் கிடைப்பது 510 அல்லது 560. சூடு 0.2 வாட். கால் வாட் தாங்கும், ஆனால் கொதிக்கும். அரை வாட் போடுங்கள்.

குண்டு பல்பை மீட்டரில் அளந்து வாட் கண்டுபிடிப்பது

230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறியபின் மீட்டர் காட்டுவது சுமார் 40. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1,300 வாட்டுக்கு மேல் வரும்! டங்ஸ்டன் இழை சூடேறினால் தடையும் பல மடங்கு ஏறும். ஹீட்டரின் நிக்ரோம் கம்பி அவ்வளவு மாறாது. அதில் சரியாக வந்ததே என்று பல்பிலும் நம்பிவிடுகிறார்கள்.

பேட்டரி முனையில் வோல்ட் அளப்பது

லோடின் முனையில், லோடு ஓடும்போது அளங்கள். வயரில் 0.2 ஓம் இருந்தாலே 5 ஆம்பியரில் 1 வோல்ட் காணாமல் போகும்.

தண்ணீர் மோட்டார்

ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு வோல்ட் × ஆம்பியர் வாட் ஆகாது. அதில் எவ்வளவு பங்கு உண்மையில் வாட் ஆகிறது என்று சொல்லும் எண்ணான பவர் ஃபேக்டரால் பெருக்குங்கள், இல்லையேல் வாட் மீட்டர் வையுங்கள்.

கரண்ட் ஓடும்போது ஓம் அளப்பது

கூடவே கூடாது.