கணினி வந்தும் கணக்கு நோட்டிலேயே இருக்கிறதா? வேலூர்ப் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கணினி இல்லாத தோல் கம்பெனி ஆபீஸைப் பார்ப்பது இன்று அரிது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, ரிட்டர்ன் தாக்கல் முழுவதும் இணையத்துக்குப் போனபோதே அது கட்டாயமாகிவிட்டது. ஆனாலும் ‘கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது?’ என்று கேட்டால், பல இடங்களில் மேஸ்திரியின் நோட்டைத்தான் புரட்டுகிறார்கள். பழைய ஆட்கள் மாற மறுக்கிறார்கள் என்று முதலாளிகள் குறைப்படுவார்கள். பெரும்பாலும் குறை அந்த ஆட்களிடம் இல்லை. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் மென்பொருள் வாங்கியதுதான் முதல் தவறு.

தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் எண்ணிக்கையிலோ எடையிலோ உள்ளே வருகிறது. பதனிட்டு முடிந்தபின் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. ஒரு தோல் இத்தனை அடி என்று நிலையாகச் சொல்லவும் முடியாது, ஒவ்வொன்றும் வேறு அளவு. நடுவில் தரம் பிரிப்பார்கள், ஒரு பகுதி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தருபவரிடம், வெளியே போகும், திரும்பி வரும்போது அளவு மாறியிருக்கும். மளிகைக் கடைக்காகச் செய்த பில்லிங் மென்பொருளில் ஒரு சரக்குக்குப் பெரும்பாலும் ஒரே அலகுதான் இருக்கும். அப்புறம் மேஸ்திரி நோட்டைத் தொடாமல் என்ன செய்வார்? குடியாத்தம் லுங்கித் தொழிலிலும் இதே சிக்கல் உண்டு: நூல் கிலோவில் வரும், துணி உருப்படியாகப் போகும்.

எனவே விலை விசாரிக்கும் முன் மேஸ்திரியோடு உட்காருங்கள். ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கு, கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து லாரி ஏறும்வரை யார், எந்த இடத்தில், எதைக் குறிக்கிறார் என்று எழுதுங்கள். விற்க வருபவரிடம் அந்த லாட்டையே கொடுத்து, உங்கள் கண்முன் பதியச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கில் எல்லாம் அழகாகத்தான் ஓடும்.

இரண்டாவது தவறு, சாவியை அடுத்தவரிடம் கொடுப்பது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவான மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் ஆடிட்டருடையதாகவோ, வேலையை விட்டுப் போனவருடையதாகவோ இருப்பது சாதாரணமாக நடக்கிறது. ஓடிபி அவருக்குத்தான் போகும். நிறுவனத்தின் இணையதள முகவரி (டொமைன்) அதைச் செய்துகொடுத்த கல்லூரி மாணவரின் மெயிலில் பதிவாகியிருக்கும். அவர் படிப்பு முடிந்து காட்பாடியில் பெங்களூரு ரயில் ஏறியபின் தேட வேண்டியதுதான். நிறுவனத்துக்கென்று தனி சிம், தனி மின்னஞ்சல் வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் அதற்கு மாற்றுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் நுழைய முடிகிறதென்றால் நீங்களே மாற்றலாம். நுழையவே முடியாவிட்டால், உங்கள் எல்லைக்குட்பட்ட ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களோடு போனால் மாற்றித் தருவார்.

பள்ளிகள், சங்கங்கள், அறக்கட்டளைகளில் வேறொரு தொல்லை. பல ஆண்டுக் கடிதங்களும் உறுப்பினர் பட்டியல்களும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை மொபைலில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. எல்லாக் கருவிகளிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. இனி எழுதுவதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழையதைத் தேவைக்கேற்ப மாற்றுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நடுவே கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களை அவை சிதைத்துவிடும் என்பதால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

காப்பு நகல் எடுத்த பென்டிரைவைக் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் புது முறையைப் பழக ஆரம்பிக்காதீர்கள். நோட்டு, கணினி இரண்டும் சில வாரம் சேர்ந்து ஓடலாம், ஆனால் நோட்டை மூடும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அவர் லீவு போடும் நாளில் நோட்டு திரும்பி வந்துவிடும், குறைந்தது இருவருக்காவது பழக்குங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: ‘நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் என் கணக்கு முழுவதையும் எக்செலில் எடுத்துக்கொள்ள முடியுமா?’ முடியும் என்றால், அதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.