கனடாவில் பொழுதுபோக்காக விமானம் ஓட்ட: பெர்மிட் போதுமா, லைசென்ஸே எடுக்கலாமா?

ரிக்ரியேஷனல் பைலட் பெர்மிட்டுக்குக் குறைந்தது 25 மணி நேரப் பயிற்சி, பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 45. இதைப் பார்த்ததும் செலவும் பாதிதான் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டுமே சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதிலும் பாதி மேகமூட்டத்தில் ரத்து, போன தடவை படித்ததை இந்தத் தடவை மறுபடி படிப்பது என்று போனால் 25 மணி நேரத்துக்குள் முடிப்பது கஷ்டம்.

மணிக்கணக்கை விடுங்கள், யாரைக் கூட்டிக்கொண்டு பறக்கப் போகிறீர்கள்? பெர்மிட் வைத்திருப்பவர் நான்கு இருக்கை செஸ்னா 172 ஓட்டலாம், ஆனால் கூட ஒரே ஒருவர்தான் வரலாம், மற்ற இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றாலே பெர்மிட் உதவாது. லைசென்ஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. (அதற்காக டேங்கை நிரப்பிக்கொண்டு நாலு பெரியவர்கள் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் எடைக் கணக்கு இடம் கொடுக்காது.)

அடுத்தது இருட்டு. பெர்மிட்டில் பகலில் மட்டும்தான் பறக்கலாம், இரவு ரேட்டிங் (இரவில் ஓட்டுவதற்கான கூடுதல் தகுதி) சேர்க்கவே முடியாது. டொரோண்டோ பக்கம் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் வேலை முடிந்து ஒரு சுற்று போகலாம் என்ற எண்ணம் குளிர்காலத்தில் நடக்காது. மிதவை விமானம் ஓட்டும் ரேட்டிங் மட்டும் பெர்மிட்டிலும் எடுக்கலாம். கோடையில் ஏரிக்கு ஏரி இறங்குவதுதான் ஆசை என்றால் அதுவே போதும்.

அப்புறம் எல்லை. பெர்மிட் கனடாவுக்குள் மட்டும்தான் செல்லும். நயாகரா வரை போகலாம், பக்கத்திலேயே அமெரிக்கப் பக்கம் இருக்கும் பஃபலோவில் போய் இறங்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் பெர்மிட்டை ஒதுக்கிவிட மாட்டேன். 16 வயதிலேயே எடுக்கலாம், லைசென்ஸுக்கு 17 ஆக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் மருத்துவச் சான்று. லைசென்ஸுக்கு 3ஆம் பிரிவுச் சான்று வேண்டும், அதற்கு விமானத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். பெர்மிட்டுக்கு 4ஆம் பிரிவு போதும், படிவத்தில் உங்கள் குடும்ப மருத்துவரே கையெழுத்துப் போடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் சிக்கல் என்று ஏதாவது இருந்தால் ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள். அறிமுகப் பறத்தல் எல்லாம் அதற்கப்புறம்.

உடம்பில் பிரச்சினை இல்லை, வீட்டிலும் நாலு பேர் என்றால் நேராக லைசென்ஸுக்கே போங்கள். கையில் பணம் குறைவு என்றால் பெர்மிட்டில் தொடங்கலாம், அந்தப் பயிற்சி நேரம் பின்னால் லைசென்ஸ் கணக்கில் சேரும். லைசென்ஸுக்கு மிச்சமிருப்பதில் முக்கியமானவை, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் 5 மணி நேரக் கருவிப் பயிற்சியும், வேறு இரண்டு இடங்களில் இறங்கி வரும் 150 கடல் மைல் பயணத்தைத் தனியாக ஓட்டி முடிப்பதும். பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கை மட்டும் ஒழுங்காக எழுதி வையுங்கள்.