பிரஷர் வாஷரில் அழுத்தம் குறைந்தால் பம்பைக் கடைசியில் கழற்றுங்கள்

மட்கார்டில் காய்ந்த சேற்றை நேற்று வரை உரித்தெடுத்த பிரஷர் வாஷர் இன்று செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸைப் போல மெலிந்து பீச்சினால், பம்ப் போய்விட்டது என்றே பெரும்பாலோர் முடிவு கட்டுகிறார்கள். பம்ப் தானாக அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தண்ணீரைத் தள்ளுவதே அதன் வேலை. அந்தத் தண்ணீர், பீச்சும் முனையான நாஸிலின் சிறு துளை வழியே நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. ஆகவே பம்புக்குப் போதிய தண்ணீர் வருகிறதா, வந்தது முழுவதும் நாஸில் வரை போய்ச் சேருகிறதா, நாஸில் அதைச் சரியாக நெருக்குகிறதா என்ற வரிசையில் தேட வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள, 230 வோல்ட்டில் ஓடி 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தரும் சிறு இயந்திரங்களை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன்.

எதைத் தொடுவதானாலும் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, கையில் பிடித்துத் தண்ணீர் பீச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி உள்ளே தேங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். இயந்திரம் ஓடும்போது கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும் என்றாலும் உள்ளே பாதிப்பு பெரிதாக இருக்கும் என்பதால், அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் வரும் தண்ணீரை அளவிடுங்கள். இயந்திரத்தில் மாட்டும் ஹோஸைக் கழற்றி ஒரு 10 லிட்டர் வாளியில் விட்டால், அது ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால் நிமிடத்துக்கு 7 லிட்டர்கூட வரவில்லை. அவ்வளவு கேட்கும் பம்ப் பட்டினி கிடக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால், ஒரு மாடி வீட்டுத் தொட்டியிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய அரை பார் மட்டுமே. அதிலும் மெல்லிய, நீளமான ஹோஸ் வைத்திருந்தால் வழியிலேயே பாதி தேய்ந்துவிடும். பம்பின் வாயிலில் உள்ள சிறு வலை வடிகட்டியையும் எடுத்துப் பாருங்கள். தொட்டியின் பாசியும் போர் தண்ணீரின் உப்புப் படிவும் அதில்தான் வந்து ஒட்டும். உப்பு என்றால் சற்று நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

தண்ணீர் போதுமானதாக இருந்தும் பீச்சல் விட்டு விட்டு வந்தால், பம்ப் காற்றை இழுக்கிறது என்று சந்தேகியுங்கள். இயந்திரம் நிற்கும்போது சொட்டுச் சொட்டாகக் கசியும் இணைப்பு, ஓடும்போது அதே இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். நான் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்துப் பம்பைப் பிரித்துக் கழுவி மாட்டிய பிறகும் துடிப்பு நிற்கவில்லை. குழாய் இணைப்பில் இறுகிப்போயிருந்த ரப்பர் வாசரை மாற்றியதும் நின்றது. வாசரை மாற்றி, ஹோஸ் கிளிப்பை இறுக்கி, நாஸிலைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் போடாமலே துப்பாக்கியைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஓடவிடுங்கள். குமிழியின்றிச் சீராக வந்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

அடுத்தது நாஸில். இதன் துளை சுமார் 1 மி.மீ. மணல் கலந்த தண்ணீரில் அது 1.1 மி.மீ. ஆகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடுவதால், அதே அளவு தண்ணீருக்கு 120 பார் என்பது ஏறக்குறைய 82 பாராக இறங்கிவிடும். தேய்ந்த நாஸிலுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. துளை அடைத்திருந்தால் கதை வேறு: பம்புக்குள் அழுத்தம் ஏறும், வெளியே பீச்சல் மெலிந்து கோணலாகப் போகும். மெல்லிய கம்பியால் பின்பக்கமாகக் குத்தித் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். சோப்புக்கான நாஸில், பெரும்பாலும் கறுப்பு நிறம், மாட்டியிருந்தால் அழுத்தம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுது என்று கொண்டுவரப்படும் இயந்திரங்களில் இப்படியும் சில உண்டு.

இவை எல்லாம் சரி என்றால்தான் பம்பின் பக்கம் போக வேண்டும். நாஸில் இல்லாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வெளியேறுகிறது, நாஸிலுடன் எத்தனை லிட்டர் என்று இருமுறை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை தெறிக்காமலிருக்க, கேனின் வாயைத் துணியால் மூடிக்கொள்ளலாம். நாஸில் இல்லாதபோதே வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, ஓட்டமும் துடித்தால், மூன்று பிஸ்டன்களில் ஒன்றின் செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) தூசியில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். நாஸில் மாட்டினால் மட்டும் லிட்டர் கணிசமாகக் குறைகிறது என்றால், தண்ணீர் உள்ளேயே திரும்பிப் போகிறது. அப்போது அன்லோடர் வால்வைப் பாருங்கள். துப்பாக்கியை விட்டதும் தண்ணீரைத் திருப்பிவிடும் இந்த வால்வு, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் கிழிந்தாலோ உப்பில் ஒட்டிக்கொண்டாலோ எப்போதும் திறந்தே இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, ஓ-ரிங்கை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அதன் திருகை முறுக்கி அழுத்தத்தை ஏற்றப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்: தேய்ந்த நாஸிலுக்கு அப்படி ஏற்றி வைத்துவிட்டு, பிறகு புது நாஸில் போட்டால், பம்ப் தாங்காத அளவுக்கு அழுத்தம் போய்விடும்.

துப்பாக்கியை மூடி வைத்திருக்கும்போதே மோட்டார் தானாக ஓடி ஓடி நின்றால், அழுத்தம் உள்ள பக்கத்தில் எங்கோ கசிகிறது. ஹோஸ் முனைகளின் ஓ-ரிங்குகளையும் துப்பாக்கியையும் பாருங்கள். பம்பின் அடியில் தண்ணீர் சொட்டினால் பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல்கள் தேய்ந்திருக்கும்; அவற்றைத் தனித்தனியாக அல்லாமல் தொகுதியாகவே மாற்றுவது நல்லது. எண்ணெய் பார்க்கும் கண்ணாடி உள்ள பம்பில் எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. சீலை மாற்றி, எண்ணெயையும் முழுவதும் வடித்து, இயந்திரத்துடன் வந்த கையேட்டில் சொன்ன தர எண்ணெயை ஊற்றும் வரை அந்தப் பம்பை ஓட்டாதீர்கள்.