"நிறைய" என்று எழுதாதீர்கள்: செபராங் பிறைக் கரையில் வலசைப் பறவைகளைப் பார்த்துப் பகிரும் முறை

மார்ச் பிறந்துவிட்டால், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், எங்கள் பறவைக் குழுவில் செய்திகள் குவிய ஆரம்பித்துவிடும். "தெலுக் ஆயர் தாவாரில் இன்று நிறைய உள்ளான்." "வயலில் அழகான கொக்கு." கூடவே ஒரு மங்கலான படம். அனுப்பியவருக்கும் சந்தோஷம், பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் மறுவாரம் அதே இடத்துக்குப் போகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எந்த உள்ளான்? எத்தனை? நீர் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா? எதுவும் தெரியாது.

நான் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறவன், வீடு பாகான் அஜாம் பக்கம். இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடற்கரைக்குப் போகிற பழக்கம் பல வருடமாக இருக்கிறது. புதிதாக வருகிற தம்பி தங்கைகள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரை உள்ள சேற்றுக் கரையை பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் 'முக்கியப் பறவைப் பகுதி' என்று குறித்திருக்கிறது. அழகுக்காகக் கொடுத்த பட்டம் இல்லை. ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடாவது ஓர் ஈரநிலத்துக்குத் தவறாமல் வந்தால், அது உலக அளவில் முக்கியமான இடம் என்பது ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. நார்ட்மன் பச்சைக்காலி என்கிற பறவை உலகத்திலேயே ஏறக்குறைய 2000தான் இருக்கும் என்பது கணிப்பு. அப்படியென்றால் நம் கரையில் 20 நின்றாலே அந்த 1 விழுக்காடு வந்துவிடுகிறது. நாளைக்கு யாராவது "இந்தச் சேற்றில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நம்மிடம் காட்ட எண் வேண்டும். "நிறைய" என்ற சொல்லை யாரிடமும் காட்ட முடியாது.

நமக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வெளியே போய் நின்றால்தான் அது தெரியும். சைபீரியாவுக்கும் சீனாவுக்கும் திரும்பிப் போகிற பறவைகள் அந்த வாரங்களில் இங்கே சேற்றில் இறங்கி, நண்டும் புழுவும் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். ஆண்டுக் கடைசியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்து நம்மைத் திண்டாட வைத்தவை, இப்போது இனப்பெருக்க உடைக்கு மாறத் தொடங்கியிருக்கும். மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்மண் நிறத்தில் பட்டை வரும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுத்துவிடும். கர்லூ சேண்ட்பைப்பர் செங்கல் நிறமாகும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும், நாம் இல்லை. நீர் வற்றிக் கிடக்கும்போது போனால் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருக்கும், பறவைகள் அதன் ஓரத்தில் புள்ளியாகத் தெரியும். முழுக்க ஏறிய பிறகு போனால் சேறே இருக்காது, பறவைகள் ஓய்வெடுக்க வேறு இடத்துக்குப் போயிருக்கும். உச்ச ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். நீர் அவற்றை மெல்ல மெல்ல உங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். கைப்பேசியில் பினாங்குக்கான அலை அட்டவணை கிடைக்கும். ஏற்றம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வைத்தால் ஒரு வாரத்துக்கு முன்பே நாள் பார்த்துவிடலாம். நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் போட்டிருக்குமே, அது போதும். அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பெரிய ஏற்றம். மாசி மகத்துக்கு தெலுக் பஹாங்கில் கூட்டம் கூடுகிற அதே பௌர்ணமி நமக்கும் நல்ல நாள்தான். இன்னொன்று, இந்தக் கரை மேற்கு பார்த்தது. காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஆகவே காலை 10, 11 மணிக்கு ஏற்றம் வருகிற நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

பைனாகுலர் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். ஸ்கோப் (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) வைத்திருப்பவர் பக்கத்தில் போய் நின்றால் அவரே பார்க்கச் சொல்வார். தொப்பி, தண்ணீர், நோட்டுப் புத்தகம். பசியாறிவிட்டுப் போங்கள், ஏனென்றால் பறவை நெருங்கி வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் நகர மனம் வராது.

சேற்றில் இறங்காதீர்கள். இடுப்பு வரை உள்ளே போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் ஒரு முறை கூட்டத்தை எழுப்பிவிட்டால், அது பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை அங்கேயே செலவழிக்கிறது. பறவைகள் இரை தேடுவதை விட்டுத் தலையைத் தூக்கி நிமிர்ந்து நின்றால் நீங்கள் ஏற்கனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாருங்கள். கெராங் (சிப்பி) பொறுக்குகிறவர்களையும் மீனவர்களையும் பார்த்தால் பேச்சுக் கொடுங்கள். "பாக் சிக், ஹாரி இனி பூரோங் பான்யாக் தாக்?" (ஐயா, இன்று பறவை நிறைய உண்டா?) என்று மலாயில் கேட்டால், எந்தத் திட்டில் கூட்டம் ஒதுங்கியது என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். நாம் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர்கள், அவர்கள் தினமும் அங்கே இருப்பவர்கள்.

சரி, எண்ணுவது எப்படி? இதில்தான் பலரும் மலைத்துப் போகிறார்கள். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். பிறகு அதே அளவை அடுத்த இடத்தில், அதற்கடுத்த இடத்தில் வைத்துக்கொண்டே போங்கள். பெரிய கூட்டமென்றால் பத்தை ஐம்பதாக்கிக்கொள்ளலாம். மறுமுனையிலிருந்து திரும்ப ஒரு முறை எண்ணுங்கள். இரண்டும் ஓரளவு ஒத்துவந்தால் எழுதுங்கள், ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். கலந்த கூட்டமாக இருந்தால் மொத்தத்தை ஒரு முறை எண்ணிவிட்டு, பிறகு இனம் இனமாக எண்ணுவதுதான் எனக்கு ஒத்துவந்த வழி. கூட்டம் தானாக எழும்பினால் வரிசையாகப் படம் எடுத்துவிடுங்கள். வீட்டில் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணலாம்.

அந்த நார்ட்மன் பச்சைக்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையின் பெருமையே அதுதான். சாதாரணப் பச்சைக்காலிகளுக்கு நடுவே நிற்கும். அதைவிடத் தலை பெரிது, கழுத்து குட்டை, கால் குட்டை. காலில் மஞ்சள் ஓடும். அலகைப் பாருங்கள்: அடிப்பாகம் தடித்து மஞ்சளாக இருக்கும், நுனி கறுப்பு. சாதாரணப் பச்சைக்காலியின் அலகு மெலிந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். ஓய்வெடுக்கும் கூட்டத்தில் அலகை முதுகுக்குள் செருகி வைத்திருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம், நீர் இன்னும் ஏறும், எப்படியும் ஒரு முறை நகரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். நகரும்போது நண்டை விரட்டித் தலையைத் தாழ்த்தி ஓடுவதைக் கவனியுங்கள். ஏப்ரலில் நெஞ்சில் தடித்த கறும்புள்ளிகள் தோன்றும். ஓகோட்ஸ்க் கடலோரத்தில் மரத்தின் மேல் கூடு கட்டுகிற பறவை இது. அவ்வளவு தூரம் போக வேண்டிய ஒன்று நம் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் நண்டு தின்றுகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

கால்களையும் பார்க்கப் பழகுங்கள். சில பறவைகளின் காலில் சின்ன வண்ணக் கொடி மாட்டியிருப்பார்கள். மஞ்சள் மட்டும் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா, ஆரஞ்சு மட்டும் என்றால் விக்டோரியா, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் சீனாவின் சோங்மிங் தீவு. எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு நிறம் இருந்தால் எது மேலே, எழுத்து ஏதாவது தெரிகிறதா, இத்தனையும் குறிக்க வேண்டும். எழுத்து தெளிவாகப் படிக்கக் கிடைத்தால் அந்த ஒரு பறவையின் வரலாறே வந்துவிடும்.

கடலை விட்டு உள்ளே வந்தால் பெனாகா வயல்கள், தீவில் பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்கள். இங்கே மடையான் என்கிற சின்ன வயல் கொக்கைப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி பழுப்புக் கோடு போட்ட ஒரே மாதிரிப் பறவை. சீன மடையானா, ஜாவா மடையானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் 'மடையான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே சரி. மார்ச் பாதிக்கு மேல் கதை மாறிவிடும். சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் அடர்ந்த செம்பழுப்பாகும், முதுகு கருநீலச் சாம்பலாகும். ஜாவா மடையானுக்குக் கழுத்து பொன் மஞ்சளாகும். தமிழ்நாட்டு வயல்களில் நிற்கிற இந்திய மடையானும் எப்போதாவது ஒன்று இங்கே வரும்: தலை வெளிர் மஞ்சள், முதுகு செம்பழுப்பு. அதைப் பார்த்தால் கட்டாயம் படம் எடுங்கள், படம் இல்லாவிட்டால் நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்வி வனம் வேறு மாதிரி இடம். பிறை ஆற்றங்கரைச் சதுப்புக் காட்டில் பலகை நடைபாதை போட்டிருப்பார்கள். வலசைக் காலத்தில் அரசவால் ஈப்பிடிப்பான்கள் தங்கிப் போகும். அங்கே பார்த்ததைப் பகிர்வதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆந்தை, கூடு, ஆறுமணிக்குருவி (பிட்டா) என்று எதையாவது சரியான இடத்தோடு போட்டால் மறுநாளே ஆள் கூடிவிடும். குரலைப் பதிவு போட்டு அழைப்பதும், புழு வைத்து ஆசை காட்டுவதும் நடக்கும். பறவை பிடிக்கிறவர்களும் படிப்பார்கள். ஆகவே கூடு என்றால் இடமே சொல்லாதீர்கள். மற்றவை என்றால் அது போன பிறகு சொல்லுங்கள், அல்லது 'வட செபராங் பிறை' என்று மட்டும் போடுங்கள். கேட்டுக் கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் வெளியே போகாமலே ஒரு முக்கியமான பதிவைச் செய்யலாம். இரவில் பயணம் போகிற ஆறுமணிக்குருவி போன்றவை கட்டடத்தில் மோதி விழுவது உண்டு. இறந்து கிடந்தால் படம், தேதி, இடம், எந்தப் பக்கத்துச் சுவர் என்று பகிருங்கள். உயிர் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்தால் மரங்கள் உள்ள இடத்தில் விடுங்கள். சிறகு தொங்கினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

இப்போது செய்தியை எழுதலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான் (கிரேட் நாட், பட்டைவால் மூக்கன் இரண்டும் கரையோரப் பறவைகள்):

"தெலுக் ஆயர் தாவார், படகுத்துறைக்கு வடக்கே 300 மீட்டர். மார்ச் 23, காலை 8.10 முதல் 9.40 வரை. நீர் ஏறிக்கொண்டிருந்தது, உச்சம் 10.45. கிரேட் நாட் 140, பத்துப் பத்தாக எண்ணியது, பாதிக்கு மேல் நெஞ்சு கறுத்தவை. பட்டைவால் மூக்கன் 32. நார்ட்மன் பச்சைக்காலி 3, அலகும் காலும் ஸ்கோப்பில் பார்த்தது, படம் உண்டு. சின்ன உப்புக்கொத்திகள் 60 போல, இனம் பிரிக்கவில்லை. ஒரு கிரேட் நாட்டின் வலது காலில் மஞ்சள் கொடி, எழுத்து படிக்க முடியவில்லை. 9.30க்கு ஒரு நாய் இறங்கியது, எல்லாம் வடக்கே பறந்தன."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? 9.40க்கு மேல் வந்தவர் ஒன்றும் பார்க்கவில்லை என்றால் காரணம் அதில் இருக்கிறது. 'இனம் பிரிக்கவில்லை' என்பதும் நல்ல பதிவுதான். ஊகித்து எழுதிய பெயரைவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும். நம் குழுக்களில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பதால் பறவையின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

குழுவில் போட்டதோடு நிற்காமல், பறவைப் பதிவுகளுக்கான இணையத்தளமான இபேர்டிலும் ஏற்றுங்கள். குழுச் செய்தி இரண்டு நாளில் மேலே போய் மறைந்துவிடும், அங்கே போட்டது நிற்கும். பார்த்த, கேட்ட இனம் அனைத்தையும் எழுதியிருந்தால் 'முழுப் பட்டியல்' என்று குறியுங்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் சரிபார்ப்பவர் கேள்வி அனுப்புவார். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்படி எண்ணினீர்கள், என்ன அடையாளம் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது.

முதலில் பார்த்த நாளை எல்லோரும் ஓடிவந்து எழுதுகிறார்கள். கடைசியாகப் பார்த்த நாளை யாரும் எழுதுவதில்லை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள் என்றைக்குக் காணாமல் போயின? தெரிய வேண்டுமானால் ஏப்ரல் முழுக்க, இருக்கிறபோதே, நாள் தவறாமல் 'இன்று உண்டு' என்று குறித்துவர வேண்டும்.

மே கடைசியிலும் நிறுத்திவிடாதீர்கள். இளம் பறவைகளில் சில முதல் வருடம் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். ஜூன், ஜூலையில் வெளிறிய உடையோடு கோட்டானும் (ஆந்தை இல்லை, கர்லூ) உப்புக்கொத்தியும் அங்கங்கே நிற்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது போய் அவற்றை எண்ணுங்கள், ஒன்றுமே இல்லாவிட்டால் 'ஒன்றும் இல்லை' என்று நேரத்தோடு எழுதுங்கள். ஆகஸ்டில் கூட்டம் தெற்கே இறங்கத் தொடங்கும்போது, புதிதாக வந்தது எது, இங்கேயே தங்கியிருந்தது எது என்று பிரிக்க அந்தப் பதிவுகள் வேண்டும்.