மூன்றாவது ரேஸிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்: ஃபார்முலா ஒன் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு இரவு. கே.கே. நகரில் நண்பன் வீட்டு ஹாலில் நெதர்லாந்து ரேஸைப் பார்த்துவிட்டு எழுந்தபோது, "பியாஸ்ட்ரிதான் சாம்பியன், எழுதி வச்சுக்கோ" என்று சொன்னவன் நான். அதே மெக்லாரன் அணியில் ஓட்டிய நாரிஸின் கார் எண்ணெய் கசிந்து புகையோடு ஓரங்கட்டிவிட்டது. பியாஸ்ட்ரி அவரைவிட 34 புள்ளி முன்னே, ரெட்புல் அணியின் வெர்ஸ்டாப்பனைவிட 104 புள்ளி முன்னே. மீதி இருந்ததோ ஒன்பதே ரேஸ். நான் கட்டிய பந்தயம், ஐந்து பேருக்குப் பரோட்டாவும் மட்டன் சுக்காவும். டிசம்பர் 7 அன்று அபுதாபியில் எல்லாம் முடிந்தபோது நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. பில் என் தலையில் விழுந்தது.

அந்த பில்லுக்கு என்னிடம் சாக்கு கிடையாது, ஏனென்றால் இதற்கு முன்பும் இப்படியே ஏமாந்திருக்கிறேன். 2022இல் முதல் மூன்று ரேஸில் இரண்டை ஃபெராரியின் லெக்லெர்க் வென்றார். வெர்ஸ்டாப்பனின் கார் இரண்டு முறை பாதியில் நின்றது. 46 புள்ளி வித்தியாசம். ஃபெராரி ரசிகர்கள் அப்போதே இனிப்பு வாங்காத குறை. சீசன் முடிந்தபோது லெக்லெர்க் 146 புள்ளி பின்னால். 2023இல் முதல் எட்டு ரேஸில் ஆறு முறை அலோன்சோ முதல் மூன்றுக்குள் வந்து மேடை ஏறினார், ஆனால் அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் அணி முடித்தது ஐந்தாம் இடத்தில். அதே வருஷம் முதல் இரண்டு ரேஸில் ஒரு புள்ளிகூட எடுக்காத மெக்லாரன், ஜூலையில் பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் இரண்டாவதும் நான்காவதுமாக வந்தது. அடுத்த வருஷம் 1998க்குப் பிறகு முதல் முறையாக அணிகளுக்கான பட்டத்தையும் தூக்கியது. தொடக்க ஓட்டமே கடைசிவரை காப்பாற்றியதும் உண்டு. 2009இல் ஜென்சன் பட்டன் முதல் ஏழு ரேஸில் ஆறை வென்றார், மீதிப் பத்தில் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் சாம்பியன். பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் மூச்சு வாங்கியது.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை. மார்ச்சில் நாம் பார்க்கும் கார் செப்டம்பரில் அதே கார் இல்லை. காரின் அடித்தளம், இறக்கை, பக்கவாட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். யார் எவ்வளவு சோதிக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. பத்து அணிகள் ஓடிய காலத்தில், காற்றைச் செலுத்திக் காரைச் சோதிக்கும் விண்ட் டனல் நேரம், முதலிடத்து அணிக்கு வகுத்த அளவில் 70 சதவீதம், பத்தாவது அணிக்கு 115. ஜூன் முடிந்ததும் அப்போதைய பட்டியலை வைத்து மறுபடி பங்கு போடுவார்கள். முதல் ரேங்க் பையனிடமிருந்து புத்தகத்தைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு டியூஷன் எடுக்கிற மாதிரி. அப்புறம் வரிசை மாறாமல் என்ன செய்யும்?

சீசனுக்கு முந்தைய டெஸ்டிங் நேரங்களை நம்புவது இன்னும் மோசம். 10 கிலோ பெட்ரோல் கூடுதலாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போய்விடும். யார் எத்தனை கிலோ ஏற்றிக்கொண்டு ஓடினார்கள் என்று அவர்கள் சொல்லப்போவதில்லை. ஒன்றரை விநாடி வித்தியாசத்தைப் பார்த்து வாட்ஸ்ஆப்பில் ஒப்பாரி வைக்காதீர்கள்.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து டிரைவரை எடைபோடுவதும் தவறுதான். இதற்கு நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனே நல்ல உதாரணம். 2005இல் ஜோர்டன் அணியில் அவர் எடுத்தது 5 புள்ளி. ஐந்தும் ஒரே ரேஸில், இண்டியானாபொலிஸில் நான்காம் இடம் வந்ததற்கு. டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷெலின் டயர் போட்ட அணிகள் அத்தனையும் ஒதுங்க, ஆறே கார்கள் ஓடிய ரேஸ் அது. டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் ஒருவர் "நாலாவது வந்தார் தெரியுமா" என்பார், இன்னொருவர் "ஆறு பேரில்தானே" என்று சிரிப்பார். இரண்டு பேருமே அவர் கையில் இருந்த கார் எது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது, அதே கார் ஓட்டிய சக டிரைவர் என்ன செய்தார் என்பதைத்தான். அந்த ஆண்டு மோன்டெய்ரோ எடுத்தது 7. அதில் 6 அதே இண்டியானாபொலிஸில் வந்தது.

சக டிரைவரோடு ஒப்பிடுவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரெட்புல்லின் இரண்டாவது சீட்டைப் பாருங்கள். 2025இல் லாசனை இரண்டே ரேஸில் எடுத்துவிட்டு சுனோடாவை உட்கார வைத்தார்கள், அவரும் தடுமாறினார். முன்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டும், பின்பக்கம் கொஞ்சம் வழுக்கினாலும் பரவாயில்லை என்பது வெர்ஸ்டாப்பனின் பாணி. அதில் ஊறிப்போன காரில் இன்னொருவரை ஏற்றிவிட்டுத் திட்டுவது, சேப்பாக்கத்தில் சுழலுக்குப் பிட்ச் போட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளரைத் திட்டுவதற்குச் சமம். கிரிக்கெட் பழக்கத்தில் "ஆளை மாத்து" என்று கத்துகிறோம். ஆளை மாற்றினாலும் கார் அதேதான்.

எப்போது டயர் மாற்றுவது போன்ற ஸ்ட்ராட்டஜி விஷயத்தில் நாம் எல்லோருமே ரேஸ் முடிந்த பிறகு மேதைகள். திட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முடிவெடுத்த அந்த நிமிஷத்தில் அணிக்கு என்ன தெரியும்? பல சமயம் கோபம் அடங்கிவிடும். சில சமயம் அடங்காது, அடங்கவும் வேண்டாம். 2025 கத்தாரில் ஒரு டயர் செட்டுக்கு 25 சுற்றுதான் என்று விதி. மொத்தம் 57 சுற்று. ஏழாவது சுற்றில், எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கும் சேஃப்டி கார் வந்தது. 57இல் 7 போனால் 50, அதாவது இரண்டு 25. எல்லாரும் மெதுவாகப் போகும் நேரம் என்பதால் டயர் மாற்றப் பிட்டுக்குள் போய்வர நஷ்டமும் குறைவு. கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் உள்ளே போனது, மெக்லாரனின் இரண்டு காரும் போகவில்லை. முன்னணியில் இருந்த பியாஸ்ட்ரி இரண்டாவது, நாரிஸ் நான்காவது, வென்றது வெர்ஸ்டாப்பன். இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், சோபாவில் இருந்தே போட்டுவிட்டோம். என் பரோட்டா பில்லில் பாதி அந்தச் சுற்றில் எழுதியது.

நேரக் கணக்கையும் கவனியுங்கள். ஐரோப்பிய ரேஸ்கள் நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு மாலை 6.30, வசதி. மியாமி திங்கள் அதிகாலை 1.30. விடிந்ததும் போனை எடுக்காமல் ஹைலைட்ஸ் பார்க்கும் மனவலிமை எனக்கு இல்லை, உங்களுக்கு இருந்தால் சரி.

கடைசியாக நம்ம ஊர் விஷயம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1இல் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் ரேஸ் நடந்தபோது, அடுத்த வீட்டு மாமா "ஹாமில்டன் வந்துட்டாராப்பா?" என்று கேட்டார். இல்லை மாமா, இது ஃபார்முலா ஃபோர் என்றேன். "அவ்வளவுதானா" என்று உள்ளே போய்விட்டார். மாமாவை விடுங்கள், விவரம் தெரிந்த ரசிகர்களும் இதையேதான் சொன்னார்கள். கார்ட்டிங்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது முதல் படி. நாரிஸ் 2015இல் பிரிட்டனில் பட்டம் வென்றது இந்த வகைக் காரில்தான். பியாஸ்ட்ரி 2017இல் அங்கே இரண்டாவது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் இந்தக் கார்கள் ஓடுகின்றன. வேலி ஓரம் நின்று ஒரு வளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒருவன் பிரேக்கை ஒரு கார் நீளம் தள்ளிப் பிடிக்கிறான், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்த சுற்றில் டயர் பூட்டிக்கொண்டு புகை கிளம்பும், ரப்பர் வாசனை உங்கள் மூக்குக்கு வரும். டிவியில் அது தெரியாது.